டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் தொண்டிற்குரிய தகுதியும்

முன்னுரை

பிணிக்கு மருந்து கொடுப்போன் மருத்துவக் கல்வி கற்று, தேர்வில் தேறி, தன் பெயரைப் பதிவு செய்துகொண்ட பின்னரே மருந்துச் சீட்டில் கையெழுத்திடும் உரிமையைப் பெறுகின்றான். மன்றேறி வழக்காடுவோனுக்கும் முறை அதுவே. ஆனால், துயருற்ற குடும்பமொன்றினுள் புகுந்து, தாயற்ற குழவிக்கு இல்லம் தேடித் தரவும், குடியால் சீரழிந்தவனை நல்வழிப்படுத்தவும், கணவனை இழந்த இளம்பெண்ணிற்கு வாழும் வழி காட்டவும் முற்படுவோனுக்கு யாது தகுதி வேண்டும்? இரக்கமுள்ள நெஞ்சே போதும் என்பர் பலர். அது முதற்றகுதியேயன்றி முழுத் தகுதி ஆகாது என்பது நம் கருத்து. மருந்தறியாதான் அன்பினால் ஊட்டிய மருந்தும் நஞ்சாகக் கூடுமன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினாவிற்குச் சட்டம் விடை கூறிவிட்டது. ஆங்குச் சமூகப்பணியில் இளங்கலைப் பட்டம் பெற விரும்புவோர் முறையான அங்கீகாரம் பெற்ற கல்லூரியிற் பயின்று, அப்படிப்பின் பகுதியாகக் குறைந்தது 400 மணி நேரம் களத்தில் நின்று, மேற்பார்வையின் கீழ்ப் பணிபுரிதல் வேண்டும். பின்னர், இளங்கலை நிலையில் உரிமம் வழங்கும் மாநிலங்கள் பலவற்றில் அதற்கென அமைந்த தேர்விலும் தேறி உரிமம் பெறுதல் வேண்டும். நம் நாட்டிலோ, 1936ஆம் ஆண்டில் பம்பாயில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்க மிஷனரியாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்ற தாதா சமூகப்பணிக் கல்லூரியே இத்துறைக் கல்விக்கு வித்திட்டது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா அம்மையார் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி தோன்றிற்று. இன்று இளங்கலையும் முதுகலையும் கற்பிக்கும் கல்லூரிகள் பல உள. எனினும், சமூகப்பணியாளர் அனைவர்க்கும் பொதுவானதோர் உரிமச் சட்டம் இங்கு இல்லை. மருத்துவத் துணைத்தொழில்கள் பற்றி 2021ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், மருத்துவமும் மனநலமும் சார்ந்த சமூகப்பணியாளரைத் தன் பட்டியலுள் சேர்த்துக்கொண்டதே இதுகாறும் கண்ட முன்னேற்றம்.

சட்டம் வாய் திறவாத இடத்தில் சான்றோர் வாழ்க்கையே நமக்கு விடை கூறல் வேண்டும். அவ்விடையைத் தேடி நாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. சௌந்தரராசப் பெருமாள் கோயிலாற் பெயர் பெற்ற வடமதுரையினின்று திண்டுக்கல் சென்று, அங்கிருந்து மதுரைச் சாலையிற் சிறிது தொலைவு கடந்தால், சிறுமலைச் சாரலில் காந்திகிராமம் என்னும் பேரூழியத் தலம் காட்சி தரும். அதனை ஆக்கிய அன்னையாகிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்க்கையை ஈண்டு ஒருவாறு சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். தந்தையார் டி. வி. சுந்தரம் ஐயங்கார், தாயார் இலட்சுமி அம்மையார். நெல்லைச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியிலிருந்து மதுரைக்கு வந்து, மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கி, டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தைத் தென்னாடெங்கும் பரப்பிய பெருமகனார் அவர். ஆகவே, வறுமையின் நிழலும் படியாத மாளிகையில் வளர்ந்தவர் நம் அம்மையார். ஏழையர் துயரைக் கதையாகக் கேட்டு, இரங்கி, மறந்துவிடக்கூடிய வாய்ப்பே அவருக்கு மிகுதி.

அக்கால வழக்கப்படி இளமையிலேயே அவருக்கு மணம் நிகழ்ந்தது. கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். மதுரையிற் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியபோது நோயாளர்க்கு மருத்துவம் செய்துவந்த அவரையே அந்நோய் பற்றிக்கொண்டது. 1925ஆம் ஆண்டில் அவர் உயிர் துறந்தார். அப்பொழுது அம்மையாருக்கு வயது இருபது அல்லது இருபத்தொன்று; நம்மிற் பலர் இக்கல்லூரியை விட்டு வெளியேறும் வயது. உயர்குலத்து இந்துப் பெண்ணொருத்தி அந்நாளில் கைம்மை எய்தினால் அவளுக்கு உலகம் விதித்திருந்த வாழ்க்கை யாது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மங்கல நிகழ்ச்சிகளில் முகங் காட்டாது, வீட்டின் பின்கட்டில் நாட்களைக் கழிப்பதே அவ்வாழ்க்கை.

கல்வி

அம்மையார் அப்பின்கட்டிற் புகவில்லை. பெற்றோரின் ஆதரவோடு புத்தகத்தைக் கையில் எடுத்தார். விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து, மருத்துவம் பயிலும் பொருட்டு வடக்கே தில்லி சென்று, பெண்களுக்கென 1916இல் அமைக்கப்பெற்ற லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். மொழியும் உணவும் தட்பவெப்பமும் புதியன. உடன் பயின்றோரிற் பலர் அவரினும் இளையோர். அவ்விடத்தே ஆண்டுகள் பல பயின்று 1936ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். செல்வக் குடியிற் பிறந்த ஒருவர், இரக்கம் மேலிட்டால், தம் பணப்பெட்டியைத் திறந்து அறச்சாலை ஒன்றைத் தம் பெயரால் நிறுவிவிடலாம். அது எளிது, புகழும் உடனே கிட்டும். அம்மையார் செய்ததோ வேறு. பிள்ளைப்பேற்றில் தாய்மார் மடிவதைக் கண்டு கண்ணீர் விடுவோர்க்கும், அம்மரணத்தைத் தடுக்கத் தெரிந்தோர்க்கும் உள்ள இடைவெளியைக் கடக்க அவர் தம் வாழ்வின் பத்தாண்டுகளைச் செலவிட்டார். ஆடவ மருத்துவர் முன் வாய் திறக்க நாணிய கிராமப் பெண்டிர்க்கு, பெண் மருத்துவர் ஒருவர் வந்தது எத்துணைப் பெரும்பேறு என்பதை அக்காலத்துப் பாட்டிமாரே அறிவர். பம்பாயில் சமூகப்பணிக் கல்லூரி திறக்கப்பெற்றதும், நம் அம்மையார் பட்டம் பெற்றதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. தொண்டிற்கும் கல்வி வேண்டும் என்னும் கருத்து நாட்டில் அரும்பிய காலம் அது எனலாம்.

இல்லறம்

தில்லியில் அம்மையாருடன் பயின்ற தோழி சுசீலா நய்யார் ஆவர். இவர் வாயிலாக அம்மையாருக்குக் காந்தியடிகளின் தொடர்பு வாய்த்தது. அந்நாட்களிலேயே ஜி. ராமச்சந்திரன் அவர்களையும் அறிந்தார். ராமச்சந்திரனார் கேரள நாட்டினர், சாந்திநிகேதனத்திற் பயின்றவர், தீண்டாமை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தவர். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். மணமகளோ கைம்பெண், மணமகனோ வேற்றுச் சாதியினர், வேற்று மொழியினர். பெற்றோர் உடன்படவில்லை.

செய்தி காந்தியடிகளுக்கு எட்டியது. அவர் உடனே வாழ்த்தினாருமில்லை, தடுத்தாருமில்லை. இருவரும் ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாது பிரிந்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் மனம் மாறாதிருப்பின் மணம் நிகழலாம் என்று முடிவு கூறினார். இருவரும் அவ்வாறே இருந்து காட்டினர். 1940ஆம் ஆண்டில் காந்தியடிகளும் கஸ்தூரிபா அன்னையாரும் முன்னிற்க அவர்கள் திருமணம் நடந்தேறியது. 1942ஆம் ஆண்டு நாட்டையே உலுக்கிய வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இருவரும் பங்கு கொண்டனர்.

மறுமணம் என்னும் சொல்லே பலர் செவிக்குக் கசந்த காலத்தில் அம்மையார் இதனைச் செய்தார். கைம்பெண்களின் மறுவாழ்வைப் பற்றி மேடையிற் பேசுவது ஒன்று. அவ்வாழ்வைத் தாமே வாழ்ந்து காட்டுவது மற்றொன்று. பிற்காலத்தில் ஆதரவற்ற பெண்டிர் பலர் அவரை அம்மா என்று அழைத்து அணுகியதற்கு, அவர்தம் துயரை அவர் உள்நின்று அறிந்திருந்தமையும் ஒரு காரணம் என்று நாம் துணிந்து கூறலாம்.

காந்திகிராமம்

1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கஸ்தூரிபா அன்னையார் சிறையில் உயிர் நீத்தார். அவர் நினைவாக 75 லட்சம் ரூபாய் திரட்ட நாட்டுத் தலைவர்கள் கருதினர். மக்கள் அதனினும் மிகுதியாகவே வழங்கினர். கிராமத்துப் பெண்டிர்க்கும் சிறார்க்கும் மட்டுமே அப்பொருள் பயன்படல் வேண்டும் என்பது காந்தியடிகள் விதித்த நெறி. அந்நினைவு நிதியின் தென்னாட்டுப் பணி அம்மையாரிடமும் அவர் கணவரிடமும் ஒப்படைக்கப்பெற்றது. கிராம சேவிகைகளைப் பயிற்றுதலே அதன் முதற்பணி.

நாடு விடுதலை பெற்ற சில கிழமைகளில், 1947ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள், காந்திகிராமம் தொடங்கப்பெற்றது. நெசவாளர் நிறைந்த சின்னாளபட்டியும், அம்பாத்துரைப் புகைவண்டி நிலையமும் அதன் அண்மையில் உள்ளவை. மதுரை நகரில் மருத்துவமனை அமைத்திருந்தால் அம்மையாருக்குச் செல்வமும் செல்வாக்கும் குவிந்திருக்கும். அவரோ, வானம் பார்த்த பூமியும், கிணற்று நீரும், கடன்பட்ட குடிகளும் உள்ள இவ்வட்டாரத்தைத் தம் களமாகக் கொண்டார்.

சிறு மருந்தகமாகத் தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனை பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. இன்றும் ஏழைத் தாய்மார்க்குப் புகலிடமாய் விளங்குகின்றது. தாய் தந்தையரற்ற சிறார்க்குச் சௌபாக்கிய இல்லம் அமைந்தது. ஆதாரக் கல்விப் பள்ளி, ஆசிரியப் பயிற்சி, கதர்த் தொழில், நாட்டு மருந்து செய்யும் சாலை எனக் கிளைகள் ஒவ்வொன்றாகத் தழைத்தன. 1959ஆம் ஆண்டில் ஆத்தூர் வட்டாரத்தில் தாய்சேய் நலமும் குடும்ப நலமும் பற்றிய முன்மாதிரித் திட்டம் தொடங்கப்பெற்றது. அவ்வனுபவத்தின் பயனாக, 1964இல் ஊரகச் சுகாதாரமும் குடும்ப நலமும் பயிற்றும் நிறுவனம் காந்திகிராமத்தில் எழுந்தது. வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் உரையாடிக் கற்றவை, பின் வந்தோர்க்குப் பாடமாயின.

தொண்டர்க்குக் கல்வி

காந்திகிராமத்து நிறுவனங்களுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது ஊரக உயர்கல்வி நிலையம். 1948-49இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, நகரத்துக் கல்லூரிகள் கிராமத்து இளைஞரைக் கிராமத்தினின்று பிரித்துவிடுவதைக் கண்டு, ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்பாக 1956ஆம் ஆண்டில் இந்திய அரசினர் நாட்டின் பல இடங்களில் ஊரக உயர்கல்வி நிலையங்களை அமைத்தனர். தமிழகத்தில் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும், காந்திகிராமத்திலும் அவை தோன்றின.

அங்கு மூன்றாண்டுக் கிராமப்பணிப் பட்டயப் படிப்பு கற்பிக்கப்பெற்றது. இன்றைய இளங்கலைச் சமூகப்பணிப் படிப்புக்கு நம் பகுதியிற் கிட்டிய முன்னோடி இதுவே எனலாம். வகுப்பறையும் நூலும் மட்டும் அதற்குப் போதா. மாணவர் கிராமங்களுக்குச் செல்லுதல் வேண்டும். மக்களோடு தங்குதல் வேண்டும். உடலுழைப்பிலும் ஈடுபடுதல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான அங்கீகார நெறி 400 மணி என்று எண்ணிக் கணக்கிடும் களப்பயிற்சியை, காந்திகிராமம் வாழ்க்கை முறையாகவே வகுத்துக்கொண்டது.

ஆயினும் ஒரு முட்டுப்பாடு எழுந்தது. அப்பட்டயத்தை அரசுப் பணிக்கு முதற்பட்டத்துக்கு ஒப்பானதாக நடுவணரசு ஏற்றுக்கொண்டபோதிலும், அதனைக் கொண்டு மேற்படிப்பிற் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் பல தயங்கின. கிராமத்திற்கு உழைக்க வந்த இளைஞன், தன் கையில் உள்ள தாள் செல்லுமோ செல்லாதோ என்று கலங்கினான். அவன் கலக்கத்தை இகழ்ந்துரைத்தல் முறையன்று. அவனுக்கும் வயதான பெற்றோர் உண்டு. மணமாகாத தங்கை உண்டு. நாளை வேலை வேண்டும். இறுதியில், 1976ஆம் ஆண்டில் அந்நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பெற்றதும் இக்குறை தீர்ந்தது. தொண்டுள்ளம் கொண்டோர்க்கும் உலகம் மதிக்கும் சான்று வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. சான்று தொண்டிற்குப் பகையன்று. தொண்டன் தலைநிமிர்ந்து நிற்பதற்கு அது துணை.

அரசியல் வாழ்வு

அம்மையார் 1952இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957இல் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் காங்கிரசுக் கட்சியின் சார்பிற் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இன்று வடமதுரையைத் தன்னகத்தே கொண்ட தொகுதி வேடசந்தூரே ஆதலின், நம் ஊரார்க்கும் அவர் பெயர் புதியதன்று. 1962ஆம் ஆண்டில் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்று, நேரு அமைச்சரவையிற் கல்வித் துணையமைச்சராக வீற்றிருந்தார். அவ்வாண்டிலேயே பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தது.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மையார் தோல்வியுற்றார். மொழிப் போராட்டத்தின் பின் தமிழகம் முழுவதும் காங்கிரசு வீழ்ந்த தேர்தல் அது. இருபதாண்டுகள் எம்மக்களிடையே உழைத்தாரோ, அம்மக்களின் வாக்கே அவரை வீட்டுக்கு அனுப்பியது. இதனை நன்றியின்மை என்று சிலர் கூறக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மக்கள் ஒரு கட்சியை மறுத்தனர். அக்கட்சியோடு அவரும் சென்றார். மருந்து பெற்றோர் வாக்கையும் தருதல் வேண்டும் என்னும் உடன்படிக்கை காந்திகிராமத்தில் எவரிடத்தும் எழுதி வாங்கப்பெறவில்லை. அம்மையார் தில்லியை விட்டுத் தம் கிராமத்துக்கே மீண்டார். முன்பு செய்த பணியையே தொடர்ந்தார். பதவி நீங்கிய பின் ஒருவர் செல்லும் இடம் எதுவோ, அதுவே அவர்தம் உண்மையான வீடு.

இறுதிநாள்

1984ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். மறு ஆண்டே மதுரை மாவட்டத்தினின்று பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. அவர் உழைத்த ஊர்களெல்லாம் ஒரு மாவட்டமாய்த் திரண்டதை அவர் கண்டாரல்லர். 2005ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்தநாளில் இந்திய அரசினர் அம்மையாரின் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தனர்.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். சமூகப்பணி புரிய விழைவோர்க்கு வேண்டிய தகுதி யாது? அம்மையாரின் வாழ்க்கை மூன்று தேர்வுகளை நம் முன் வைக்கின்றது. முதலாவது, கல்வித் தேர்வு. செய்யும் பணியை ஐயந்திரிபறக் கற்றல் வேண்டும். அதற்குப் பத்தாண்டு ஆகுமெனினும் பொறுத்தல் வேண்டும். இரண்டாவது, களத் தேர்வு. மக்கள் வாழும் இடத்திற் சென்று, அவர்தம் மொழியிற் பேசி, அவர்தம் வழக்கங்களை அறிந்து, மூத்தோர் திருத்தத் திருந்துதல் வேண்டும். மூன்றாவது, நிலைபேற்றுத் தேர்வு. விருது வந்தபோதும் வாக்கு மறுத்தபோதும் தேர்ந்துகொண்ட இடத்தை விட்டு அகலாதிருத்தல் வேண்டும். முதலிரண்டிற்கும் பல்கலைக்கழகம் சான்று வழங்கலாம். மூன்றாவதற்குச் சான்று வழங்க வல்லது காலம் ஒன்றே.

சட்டத்தினால் உரிமம் வழங்கும் முறை நம் நாட்டிலும் வருதல் நன்று என்றே நாம் கருதுகின்றோம். பயிற்சியற்றோர் கையில் ஏழையின் இரகசியமும் குழந்தையின் எதிர்காலமும் சிக்குதல் ஆகாது. எனினும், அச்சட்டம் வரும்வரை நாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டுவதில்லை. விடுமுறையில் ஏழு நாள் முகாமிட்டு, தெருவைப் பெருக்கி, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு தொண்டு முடிந்ததென்று எண்ணும் மாணவ நண்பர்கள், எட்டாம் நாள் அத்தெருவில் நடப்பது யாதென்று ஒருமுறை சென்று காண்பாராக.

வடமதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் இன்றும் மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கின்றது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு நூற்பாலைக்குச் செல்லும் பெண்மக்கள் இருக்கின்றனர். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிடத் தனித்து வாழும் முதியோர் இருக்கின்றனர். கற்றறிந்து, பயின்று தேர்ந்து, தங்கி உழைப்பார் எவரேனும் வருவாரோ என்று அவ்வூர்கள் காத்திருக்கின்றன. நம்முள் ஒருவரேனும் பட்டம் பெற்றபின் அவ்வழியே செல்லும் பேருந்தில் ஏறுவாராயின், அதுவே டாக்டர் சௌந்தரம் அம்மையாருக்கு இக்கல்லூரி செலுத்தும் சிறந்த வணக்கம் ஆகும்.